கிஃப்ட்னா பரிசா, விஷமா, கல்யாணமா? அடிக்கடி வர்ற கேள்விகளும் என்னோட பதில்களும்

"இங்கிலீஷ்ல கிஃப்ட்னா பரிசு, ஜெர்மன்ல விஷம், ஸ்வீடிஷ்ல கல்யாணம் ஆனவர், ஆக மொத்தம் கல்யாணம்ங்கிறது பரிசு மாதிரி பேக் பண்ணி வர்ற விஷம்"னு ஒரு ஃபார்வர்ட் நம்ம குரூப்புகள்ல சுத்திக்கிட்டே இருக்கு. நான் ஜெர்மன் படிச்சவன், இப்ப வேலையும் அங்கதான், அதனால இத பாத்ததும் என்னைய டேக் பண்ணி "இது உண்மையாடா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு, அதான் இதுவரைக்கும் வந்த கேள்வி எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுட்டேன். வரிசை எல்லாம் பெருசா பாக்கல.

அந்த ஃபார்வர்ட் உண்மையா, பொய்யா?

அர்த்தம் எல்லாம் உண்மை, ஜோக் மட்டும் இட்டுக்கட்டுனது. இன்னைக்கு ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம்தான். ஸ்வீடிஷ், நார்வீஜியன், டேனிஷ் மூணுலயும் விஷம்னும் அர்த்தம், "கல்யாணம் ஆன"ன்னும் அர்த்தம், ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. டச்சுல கிஃப்ட்னா நன்கொடை, கடைசில இருக்கற "ட்"ட தூக்கிட்டா விஷம். ஐஸ்லாந்து மொழில கல்யாண அர்த்தம் இருக்கு, ஆனா விஷத்துக்கு இந்த வார்த்தைய சொல்றதில்ல. இது என்னடா துக்கடா விஷயம்னு தோணும், ஆனா பின்னாடி கேஸ் முடிக்கறதே இதுதான், ஞாபகம் வெச்சுக்கோங்க.

எல்லா மொழிலயும் ஒரே உச்சரிப்பா?

இல்ல. இங்கிலீஷ், ஜெர்மன், டேனிஷ்ல நாம சொல்ற மாதிரி கிஃப்ட். ஸ்வீடிஷ்லயும் நார்வீஜியன்லயும் அந்த முதல் எழுத்துக்குப் பின்னாடி "இ" வந்தா ய மாதிரி ஆயிடும், அதனால யிஃப்ட். டச்சுக்காரங்க தொண்டையில சளி எடுக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டு ஆரம்பிப்பாங்க, அத தமிழ்ல எழுத வழியில்ல, ஹிஃப்ட்னு வெச்சுக்கோங்க. அதனால அந்த ஃபார்வர்ட் ஜோக் எழுத்துல பாத்தாதான் எடுபடும், ஸ்டாக்ஹோம்ல போயி வாயால சொன்னா பாதி செத்துரும்.

மூணும் ஒரே வார்த்தையா, இல்ல தற்செயலா ஒண்ணு மாதிரி இருக்கா?

ஒரே வார்த்தை. பழைய ஜெர்மானிய மொழில "குடு"ங்கறதுக்கு இருந்த வேர்தான் எல்லாத்துக்கும் தாய், இங்கிலீஷ்ல கிவ், ஜெர்மன்ல கேபன், ஸ்வீடிஷ்ல யே, எல்லாம் அதுல இருந்து வந்தது. அந்த வினையில இருந்து ஒரு பெயர்ச்சொல் பண்ணுனாங்க, நாம கொடுன்னு வெச்சு கொடைன்னு பண்ண மாதிரி, அதான் கிஃப்ட். அதாவது அந்த வார்த்தைக்கு ஆரம்பத்துல அர்த்தம் பரிசு கூட இல்ல, சும்மா "குடுக்கறது", "குடுத்தது". யாருக்கு, எத, எதுக்குக் குடுத்தாங்கன்னு வார்த்தையில எதுவும் கிடையாது, அந்தக் காலியான எடத்துலதான் அவனவன் ஊர்ல அவனவனுக்குத் தேவையானத ரொப்பிக்கிட்டான்.

சரி, குடுக்கறது எப்படிங்க விஷமாச்சு? நேர் எதிரா இல்ல இருக்கு?

எதிரா இல்ல, அதான் நான் சொல்ல வர்றதே. முதல்ல என் கதைய சொல்றேன். ஜெர்மனி போன புதுசுல நான் இருந்த அபார்ட்மெண்ட்ல கீழ பேஸ்மெண்ட் கதவுல ஒரு மஞ்ச நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, ராட்டன்கிஃப்ட் வெச்சிருக்கோம், குழந்தைங்க, நாய் எல்லாம் ஜாக்கிரதைன்னு. ராட்டன்னா எலி. பாட புத்தகத்துல கிஃப்ட்னா விஷம்னு படிச்சிருந்தாலும் நேர்ல பாத்தப்ப சிரிப்பு வந்துருச்சு, எலிக்கு கிஃப்ட் குடுக்கறாங்கப்பான்னு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புனேன். எங்க அம்மா வாய்ஸ் மெசேஜ்ல, "இதுல என்னடா சிரிப்பு, நாம எலி மருந்துன்னு சொல்றோமே, எலிக்கு என்ன காய்ச்சலா"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல.

அதுதான் பதில். விஷம்னு வாய் விட்டு சொல்றதுக்கு மனுஷனுக்கு ஒரு கூச்சம், எந்த ஊரா இருந்தாலும். எலி மருந்து, பூச்சி மருந்துன்னு டப்பாவுலயே போட்டிருக்கு, கடைக்காரர்கிட்ட யாரும் எலி விஷம் குடுங்கன்னு கேக்கறதில்ல. "மருந்தக் குடிச்சிட்டான்"னு ஊர்ல ஒருத்தர் சொன்னா அது இருமல் மருந்து இல்லன்னு கேக்கற எல்லாருக்கும் தெரியும். ஜெர்மன்காரன் மருந்துன்னு சொல்லல, "குடுத்தது"ன்னு சொன்னான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் ஏன் "குடுத்தது"ன்னு சொன்னான்னா அதுக்கு கிரேக்கம் வரைக்கும் போகணும். கிரேக்க மொழில டோசிஸ்னா குடுத்தல். வைத்தியர் ஒரு தடவைக்குக் குடுக்கற மருந்தளவையும் அதே வார்த்தையால சொன்னாங்க, அதுதான் லத்தீன் வழியா வந்து இன்னைக்கு நாம தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டாச்சான்னு கேக்கற டோஸ். ஐரோப்பா மடங்கள்ல மருத்துவ ஏடு எல்லாம் லத்தீன்ல இருந்துச்சு, அத ஜெர்மன்ல சொல்றப்ப டோசிஸ்ங்கறதுக்கு நேரா தங்களோட "குடுத்தது"ங்கற வார்த்தைய, அதாவது கிஃப்ட்ட, போட்டுக்கிட்டாங்க. மருந்தளவு, ஒரு வேளை மருந்து, அப்பறம் ஒருத்தருக்குத் தெரியாம கலந்து குடுக்கற மருந்து, அப்பறம் விஷம்னு படிப்படியா எறங்கிருச்சு. கூடவே அந்த வாய்க்கூச்சமும் சேந்துக்கிச்சு. 11-ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி பேசுன பழைய ஜெர்மன்லயே விஷ அர்த்தம் தலையக் காட்டிருச்சு, ஆனா ரொம்ப நாளைக்கு ரெண்டு அர்த்தமும் ஒண்ணா இருந்துச்சு.

இது சும்மா கதை இல்லன்றதுக்கு இன்னைக்கும் ஜெர்மன் ஆஸ்பத்திரில சாட்சி இருக்கு. அதே வேர்ல இருந்து வந்த காபென்னு இன்னொரு வார்த்தை, சாதாரண பேச்சுல நன்கொடை, காணிக்கை, இல்ல ஒருத்தருக்கு இயற்கையா அமைஞ்ச திறமை. டாக்டர் ரிப்போர்ட்ல "ஆன்டிபயாடிக் காபெக்கு அப்பறம் காய்ச்சல் கொறஞ்சது"ன்னு எழுதுனா மருந்து குடுத்ததுக்கு அப்பறம்னு அர்த்தம். கிஃப்ட் போன பாதையில பாதி தூரம் வந்து நின்னுட்ட வார்த்தை அது.

ஜெர்மன்காரங்க மட்டும்தான் இப்படியா?

எல்லாரும் இப்படித்தான். பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்த பாய்சன்ங்கற வார்த்தைக்கு மூலம் லத்தீன்ல "குடிக்கிறது", ஒரு வாய் பானம், அவ்வளவுதான், குடிக்கற மருந்துன்னு அர்த்தம் வர்ற போஷன்ங்கறதும் அதே வார்த்தைதான், ரெண்டு தடவ வேற வேற காலத்துல வந்ததுனால ரெண்டு உருவம். கிரேக்கத்துல பார்மகான்னா மருந்தும் அதுதான் விஷமும் அதுதான், பார்மசி போர்டு பாக்கறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லத்தீனோட வெனேனம், இங்கிலீஷ்ல விஷத்துக்கு சொல்ற வெனம்ங்கற வார்த்தையோட மூலம். அதுக்கு ஆதி அர்த்தம் ஒருத்தர மயக்கறதுக்குக் குடுக்கற மருந்துன்னு சொல்றாங்க, காதல் தெய்வம் வீனஸ் பேரோட சம்பந்தப்பட்டது. நம்ம ஊர்ல "மருமகன் மாமியார் வீடே கதின்னு கெடக்கறான், என்னமோ மருந்து வெச்சுட்டாங்க"ன்னு சொல்றோமே, அந்த இடுமருந்துதான் அப்படியே. 2-ஆம் நூற்றாண்டுல இருந்த ரோமானிய சட்ட நிபுணர் காயுஸ் இத எழுதியே வெச்சுட்டுப் போயிருக்கார், வெனேனம்னு யாராவது சொன்னா நல்லதா கெட்டதான்னு சேத்து சொல்லணும், ஏன்னா மருந்தும் வெனேனம்தான்னு. கோர்ட்ல இந்தக் குழப்பத்துனால எத்தன பேர் அவஸ்தப்பட்டிருந்தா ஒரு வக்கீல் இப்படி எழுதியிருப்பார்னு நெனச்சுக்குவேன்.

கிஃப்ட் வர்றதுக்கு முன்னாடி இந்த ஜனங்க விஷத்துக்கு என்ன சொன்னாங்க?

சொந்தமா ஒரு வார்த்தை இருந்துச்சு, அது இப்ப ஊருக்கு ஒரு மூலையில ஒளிஞ்சு கெடக்கு. ஐஸ்லாந்துல மட்டும் ராஜா மாதிரி இருக்கு, அங்க விஷம்னா இன்னைக்கும் எய்துர். ஸ்வீடிஷ்ல பாம்பு விஷம் மாதிரி எடத்துல எத்தர்னு வரும். ஜெர்மன்ல அதே வார்த்தை ஐட்டர்னு இருக்கு, ஆனா அர்த்தம் சீழ். பழைய இங்கிலீஷ்லயும் ஆத்தர்னு இருந்துச்சு, பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரங்க 1066-ல இங்கிலாந்துக்கு வந்து உக்காந்த பின்னாடி பிரெஞ்சு பாய்சன் வந்து அத தள்ளி விட்டுருச்சு. டேனிஷ்ல சிலந்திக்கு எடர்கோப்னு பேரு, அதுல முன்பாதி இந்த விஷந்தான், டென்மார்க்ல குழந்தை சுவத்துல சிலந்தியப் பாத்து கத்துறப்ப ஆயிரம் வருஷத்துக்கு முந்துன விஷத்தோட பேர சொல்லுது, அதுக்கே தெரியாம.

ஸ்வீடிஷ்ல கல்யாணம் எங்க இருந்து வந்துச்சு? அங்க யாரு யாருக்கு என்ன குடுத்தாங்க?

பொண்ணக் குடுத்தாங்க. இத ஜெர்மன்காரனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும், தமிழ்ல ஒரு வரி போதும்: "பொண்ண எங்க குடுத்திருக்கீங்க?" "சேலத்துல குடுத்திருக்கோம்." அங்க பொட்டலமா குடுத்தாங்க? கட்டிக் குடுத்தாங்க. அதே கதைதான் அங்கயும்.

ஸ்வீடிஷ்ல யிஃப்டாங்கற வினைக்கு பழைய அர்த்தம் பொண்ணக் கல்யாணம் பண்ணிக் குடுக்கறது. யிஃப்டா போர்ட்னு இன்னைக்கும் சொல்லுவாங்க, போர்ட்னா அந்தப் பக்கம், வெளிய, அதாவது கட்டிக் குடுத்து அனுப்பறது. இதுல குடுக்கப்பட்டவங்க யாரோ அவங்கதான் யிஃப்ட். பழைய ஸ்வீடிஷ் சட்டத்துல யிஃப்டுமான்னு ஒரு ஆள் உண்டு, பொண்ணக் குடுக்கற உரிமை உள்ள ஆம்பள, பெரும்பாலும் அப்பா, அவர் இல்லன்னா அண்ணனோ சித்தப்பாவோ மாமாவோ. அவர் சரின்னு சொல்லாம கல்யாணம் கெடையாது. 1734-ஆம் வருஷ சட்டத் தொகுப்புல கல்யாணப் பகுதிக்கே யிஃப்டர்மோல்ஸ்பால்க்னுதான் பேரு, இந்த வார்த்தைதான் தலையில. 1987-ல புது சட்டம் போட்டப்பதான் அந்தப் பேர எடுத்துட்டு, தம்பதி வாழ்க்கைங்கற அர்த்தம் வர்ற இன்னொரு பழைய சொல்ல வெச்சாங்க.

நம்ம பக்கமும் தொல்காப்பியத்துல கற்புக்கு இலக்கணம் சொல்றப்ப பொண்ணு வீட்டுக்காரங்கள "கொடைக்குரி மரபினோர்"னு சொல்லியிருக்கு, குடுக்கறதுக்கு உரிமை உள்ளவங்கன்னு. யிஃப்டுமான்ங்கறதுக்கு இத விட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கல. ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தன் காப்பி அடிக்கல, ரெண்டு சமுதாயமும் பொண்ண ஒரே மாதிரி பாத்துச்சு, அதனால ஒரே மாதிரி வார்த்தை வந்துச்சு, பெருமைப்பட இதுல ஒண்ணும் இல்ல.

ஒரு வேடிக்கை என்னன்னா இன்னைக்கு ஸ்வீடன்ல ஆம்பளையும் யிஃப்ட்தான். அவன யாரும் குடுக்கல, ஆனா வார்த்தை பழசு மறந்து போயி ரெண்டு பேருக்கும் பொதுவாயிருச்சு. கல்யாணம் ஆகாதவங்க ஊயிஃப்ட், "குடுக்கப்படாதவர்".

அப்ப ஸ்வீடிஷ்ல விஷ அர்த்தமும் இதுலயே வளந்ததா?

இல்ல, அது எறக்குமதி. இங்கதான் ஐஸ்லாந்து வருது. கல்யாண அர்த்தம் வட ஐரோப்பாக்காரங்களோட சொந்த சரக்கு, அதனால 9-ஆம் நூற்றாண்டுல கப்பலேறி ஐஸ்லாந்து போனவங்க அதையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. விஷ அர்த்தம் அப்பறமா வட ஜெர்மன் வியாபாரிங்க கொண்டாந்தது. ஹான்சான்னு ஒரு வணிகக் கூட்டணி, லூபெக் ஊர் அதுக்குத் தலை, மீன், உப்பு, துணி, மெழுகுன்னு பால்டிக் கடல் வியாபாரம் முழுக்க அவங்க கையில, ஸ்டாக்ஹோம், விஸ்பி, பெர்கன் எல்லா ஊர்லயும் அவங்க கூட்டம் கூட்டமா இருந்தாங்க. அவங்க பேசுன தாழ்நில ஜெர்மன்ல இருந்து ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜியன்ல ஏராளமான வார்த்தை எறங்குச்சு, அதுல இந்த விஷமும் ஒண்ணு. ஐஸ்லாந்து ரொம்ப தள்ளி இருந்ததால அந்த அலை அங்க அவ்வளவா அடிக்கல, அதனால அங்க விஷம் இன்னும் எய்துர்தான். அதுக்கு மேல ஐஸ்லாந்துல கிஃப்டாங்கற பெயர்ச்சொல்லுக்கு அதிர்ஷ்டம்னு அர்த்தம், தெய்வம் குடுத்ததுன்னு வெச்சுக்கலாம், பாருங்க ஒரே வார்த்தைக்கு யோகம்.

ஆக ஸ்வீடிஷ்ல இருக்கற ரெண்டும் கூடப்பொறந்ததுங்கதான், ஒண்ணு வீட்டுலயே வளந்துச்சு, இன்னொண்ணு ஜெர்மனில வளந்து தொழில் கத்துக்கிட்டு வந்து அதே வீட்டுல குடியேறுச்சு. கல்யாணம்தான் விஷமாச்சுன்னு அந்த ஃபார்வர்ட் சொல்றது தப்புங்கறது இதுலயே தெரியும், ஒண்ணுல இருந்து ஒண்ணு வரல.

தினசரி பேச்சுல குழப்பம் வராதா?

வராது. நாம படின்னு சொன்னா மாடிப்படியா, பாடம் படிக்கறதா, அளக்கற படியான்னு யோசிச்சுக்கிட்டா நிக்கறோம். அங்கயும் ஒண்ணு பெயர்ச்சொல், ஒண்ணு பெயரடை, எடம் பாத்தாலே தெரிஞ்சுரும். டென்மார்க்ல யாராவது கண்டதையும் முழுங்கிட்டா கூப்பிடற ஹெல்ப்லைனுக்கு கிஃப்ட்லின்யன்னு பேரு, விஷ லைன். கல்யாண புரோக்கர் நம்பர்னு நெனச்சு அதுக்குப் போன் பண்ற டேனிஷ்காரன் இருக்க மாட்டான். ஆனா ஜோக் மட்டும் அவங்களுக்கும் அலுக்கறதில்ல, "கல்யாணத்துக்கும் விஷத்துக்கும் எங்க ஊர்ல ஒரே வார்த்தை"ன்னு வெளியூர்க்காரன் மாட்டுனா முதல் நாளே சொல்லிருவாங்க.

இங்கிலீஷ்ல மட்டும் எப்படி சுத்தமா தப்பிச்சுச்சு?

சுத்தமா எல்லாம் தப்பிக்கல. பழைய இங்கிலீஷ்ல இதே வார்த்தைக்கு கல்யாணத்தோட சம்பந்தப்பட்ட அர்த்தம்தான், பொண்ணுக்காகக் குடுக்கற பணம், பன்மையில சொன்னா கல்யாணம். பழைய இங்கிலாந்துல இருந்த வெசெக்ஸ் நாட்டு ராஜா ஈனே, 688-ல பட்டத்துக்கு வந்தவர், அவரோட சட்டத்துல ஒருத்தன் பொண்ணுக்கு விலை பேசி முடிச்ச பின்னாடி அந்த "கிஃப்ட்" நடக்கலன்னா பணத்தத் திருப்பிக் குடுக்கணும், மேல இன்னும் கட்டணும்னு இருக்கு. இங்க கிஃப்ட்னா கல்யாணம்.

அப்ப அவங்களும் முன்னாடி ய சத்தத்தோடதான் சொன்னாங்க, கிட்டத்தட்ட இன்னைக்கு ஸ்வீடிஷ் மாதிரி, நடுக்கால இங்கிலீஷ்ல யிஃப்ட்னு எழுதியே வெச்சிருக்காங்க. அப்பறம் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பக்கத்துல இருந்து வைக்கிங்குங்க வந்து இங்கிலாந்தோட கிழக்குலயும் வடக்குலயும் குடியேறி கலந்து போனதுல அவங்களோட அழுத்தமான க சத்தமும், பரிசுங்கற பொது அர்த்தமும் கெட்டிப்பட்டுருச்சு. கிவ்ங்கற வினையும் இதே மாதிரிதான் யிவ்வுல இருந்து கிவ் ஆச்சு. கூத்து என்னன்னா க சத்தத்த இங்கிலீஷுக்குக் குடுத்துட்டு ஸ்வீடிஷும் நார்வீஜியனும் பின்னாடி அவங்க ய பக்கம் போயிட்டாங்க. விஷத்துக்குதான் பாய்சனும் வெனமும் பிரெஞ்சுல இருந்து வந்துருச்சே, அதனால இந்த வார்த்தைக்கு அந்த வேலை வரவே இல்ல.

டச்சு பத்தி ஒண்ணும் சொல்லலையே?

டச்சுக்காரங்க கணக்குல கறார், வார்த்தையையும் பிரிச்சு வெச்சுட்டாங்க. ட் இருந்தா நன்கொடை, இல்லன்னா விஷம். வருமான வரி ஃபார்ம்ல நன்கொடை கழிக்கற எடத்துல அந்த வார்த்தையோட பன்மைதான் இருக்கும். ஆனா "விஷமான"ன்னு பெயரடை பண்ணறப்ப அந்த ட் திரும்ப வந்து உக்காந்துக்கும், பழைய பாசம்.

ஜெர்மன்ல பழைய "குடுத்தது" அர்த்தம் எங்கயுமே மிச்சம் இல்லையா?

ஒரே ஒரு எடத்துல இருக்கு, அது எடக்கான எடம். மிட்கிஃப்ட். மிட்னா கூட. கூடக் குடுத்து அனுப்பறது, அதாவது வரதட்சணை, சீர். தனியா நின்னா விஷம், பொண்ணோட போனா சீர். ஜெர்மன்ல எல்லா பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டுல்ல, விஷம் அலிப்பால், மிட்கிஃப்ட் மட்டும் பழைய வார்த்தை மாதிரியே பெண்பாலா நின்னுக்கிச்சு. எங்க ஜெர்மன் கிளாஸ்ல இத சொல்லிக் குடுத்தப்ப பின் பெஞ்ச்ல இருந்த அக்கா ஒருத்தங்க "கரெக்டா வெச்சிருக்காங்க"ன்னு மெதுவா சொன்னது இன்னும் காதுல இருக்கு.

இன்னொண்ணு கேகன்கிஃப்ட், விஷமுறிவு. கேகன்னா எதிர். இதுக்கு இங்கிலீஷ்ல ஆன்டிடோட், அது கிரேக்கம், ஆன்டின்னா எதிர், டோட்னா குடுத்தது. எதிரா குடுத்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா உறுப்புக்கு உறுப்பு பொருந்துது.

மத்தபடி விஷம் வெச்சு ஜெர்மன்ல நல்ல நல்ல சொலவடை இருக்கு. "அதுக்கு நீ விஷமே சாப்பிடலாம்"னா சத்தியமா நம்பலாம்னு அர்த்தம். எப்பப் பாத்தாலும் கடுகடுன்னு விழற குள்ள ஆளுக்கு விஷக்குள்ளன்னு பேரு. மருந்துக் கடையில பூட்டி வெக்கற விஷ அலமாரியோட பேரையே லைப்ரரில தடை பண்ணுன புத்தகம் வெக்கற எடத்துக்கும் வெச்சுக்கிட்டாங்க. ஆஸ்திரியாவுல போதை மருந்துக்கு அடிமையானவர கிஃப்ட்லர்னு சொல்லுவாங்க.

எதிரி பரிசுல விஷம் வெச்சுக் குடுத்ததாலதான் இந்தப் பேர்னு ஒருத்தர் சொன்னாரே?

பரிசுன்னு சொல்லி மரக்குதிரைக்குள்ள ஆளுங்கள ஒளிச்சு வெச்ச கிரேக்கக் கதை, அந்த ட்ராய் குதிரை வரைக்கும் இழுப்பாங்க, எனக்கும் வந்துச்சு அந்த விளக்கம். இதுக்கு கொஞ்சம் மரியாதையான ஒரு வடிவமும் இருக்கு. பரிசுகள் பத்தி ஆராய்ச்சி பண்ணுன பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1924-ல கிஃப்ட், கிஃப்ட்னு ரெண்டு தடவ அதையே தலைப்பா வெச்சு ஒரு சின்ன கட்டுரை எழுதுனார். பழைய ஜெர்மானியக் கூட்டங்கள்ல பரிசுங்கறது பெரும்பாலும் சேந்து குடிக்கிற பானம், அதுல என்ன கலந்திருக்குன்னு வாங்கறவனுக்குத் தெரியாது, அதனால பரிசுலயே ஒரு சந்தேகமும் கட்டுப்பாடும் ஒட்டிக்கிட்டிருக்குங்கறது அவரோட கருத்து. படிக்க அருமையா இருக்கும். மனுஷங்களப் பத்தி அவர் சொல்றது சரியா இருக்கலாம், மொய் வாங்கி எழுதி வெச்சு திருப்பி செய்யற ஊர்க்காரனுக்கு அத புரிய வெக்க வேண்டியதில்ல. ஆனா வார்த்தையோட சரித்திரம்னு பாத்தா எனக்கு டோசிஸ் வழிதான் வலுவா படுது, வைத்தியர் குடுத்தது, எதிரி குடுத்தது இல்ல.

டோஸ்ங்கறதும் நம்ம தானமும் ஒரே வேரா? யாரோ சொன்னாங்க, நம்பவா?

நம்பலாம். இது "எல்லா வார்த்தையும் எங்க ஊர்ல இருந்துதான் போச்சு" வகை இல்ல. குடுங்கறதுக்கு ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழில, அதாவது சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் எல்லாத்துக்கும் மூதாதையான மொழில, இன்னொரு வேர் இருந்துச்சு, அது சமஸ்கிருதத்துல தா, அதுல இருந்து தானம், தத்தம், தத்துப்பிள்ளையில வர்ற தத்து, எல்லாம் தமிழுக்கும் வந்துருச்சு. அதே வேர் கிரேக்கத்துல டோசிஸ், லத்தீன்ல இருந்து வந்த டொனேஷன், டேட்டா, அப்பறம் டவுரி. டவுரின்னா வரதட்சணை, கவனிச்சீங்களா? ஜெர்மானிய வேர்ல மருந்தளவு, விஷம், சீர், கல்யாணம்னு என்னென்ன கிளை விட்டுச்சோ, சம்பந்தமே இல்லாத இந்த வேர்லயும் டோஸ், டவுரி, கன்னிகாதானம்னு கிட்டத்தட்ட அதே கிளை. கிஃப்ட்டும் தானமும் மட்டும் வேற வேற வேர், அத கலந்துராதீங்க.

"அளவுக்கு மிஞ்சினால்"னு ஒரு ஜெர்மன்காரரும் சொல்லியிருக்காராமே?

பாராசெல்சஸ். 1493-ல ஸ்விட்சர்லாந்துல பொறந்த வைத்தியர், லத்தீன்ல பேசுனாதான் டாக்டர்னு இருந்த காலத்துல ஜெர்மன்ல எழுதி எல்லார்கிட்டயும் சண்டை வாங்குனவர். அவர் 1538-ல எழுதுனதோட சாரம் இது: எல்லாமே கிஃப்ட்தான், கிஃப்ட் இல்லாதது எதுவும் இல்ல, டோசிஸ் மட்டும்தான் ஒண்ண கிஃப்ட் இல்லாம ஆக்குது. நச்சியல் படிக்கற பசங்களுக்கு முதல் வகுப்புல இதத்தான் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அமிர்தமே நஞ்சுன்னு முடிச்சுக்குவோம்.

ஆனா மேல சொன்னதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்த வாக்கியத்தத் திரும்பப் படிங்க. கிஃப்ட்னா "குடுத்தது", டோசிஸ்னாலும் "குடுத்தது". ஒண்ணு இன்னொண்ணோட மொழிபெயர்ப்பா ஆரம்பிச்சது. அண்ணன் தம்பி மாதிரி இருந்த ரெண்டு வார்த்தை பல நூறு வருஷத்துல எதிர் எதிர் கட்சி ஆயி, ஒரே வாக்கியத்துல ஒண்ணு குத்தவாளியாவும் ஒண்ணு நீதிபதியாவும் நிக்குதுங்க.

கிஃப்ட்டுக்கு நல்ல பேர் குடுத்த ஊர் எதுவுமே இல்லையா?

எஸ்டோனியா. டாலின் ஊரும் ஹான்சா ஊர்தான், அங்கயும் ஜெர்மன் வியாபாரிங்க மூலமா இந்த விஷம் போச்சு, அவங்க வாய்ல அது கிஹ்வ்ட் ஆயிருச்சு. அதுக்கு விஷம்னும் அர்த்தம், பேச்சு வழக்குல சூப்பர், செமன்னும் அர்த்தம். நாம தெறி, மரண மாஸ்னு சொல்றோமே அந்த வகை.

கடைசியா, ஜெர்மன்காரருக்கு பொறந்தநாள் கிஃப்ட்னு எழுதிக் குடுத்தா கோவிச்சுக்குவாரா?

மாட்டாரு, இங்கிலீஷ் எல்லாருக்கும் தெரியும். ஆனா ஜெர்மன்லயே எழுதணும்னு ஆசைப்பட்டு கார்டுல "உங்களுக்கு ஒரு கிஃப்ட்"னு மட்டும் ஜெர்மன் வாக்கியமா எழுதிராதீங்க, கெஷெங்க்னு எழுதுங்க, அதுதான் பரிசு. முக்கியமா ஸ்வீட் பாக்ஸ் மேல எழுதிராதீங்க. நான் எழுதல, எங்க டீம்ல ஒருத்தர் தீபாவளிக்கு எழுதுனார், அதிரசம் பாக்ஸ் சாயங்காலம் வரைக்கும் கிச்சன்ல யாரும் தொடாம இருந்துச்சு, கடைசில நாங்க நாலு பேரு உக்காந்து காலி பண்ணுனோம்.